களிமண் முற்றத்தில் செயற்கைப் புல்லா? முதலில் தண்ணீருக்கு வழி செய்யுங்கள்

செயற்கைப் புல் விரிக்கப் போகிறீர்கள், மண்ணோ களிமண் என்றால், புல் எந்த நிறம், எத்தனை மி.மீ. உயரம் என்ற பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். முதலில் தண்ணீர் விஷயத்தை முடிக்கணும். புல்லின் அடித்தாளில் ஓட்டைகள் இருக்கின்றன, தண்ணீர் அதன் வழியாக இறங்கிவிடும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான், இறங்கத்தான் செய்யும். இறங்கி எங்கே போகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

என் அக்கா வீட்டுப் பின்முற்றத்தில் இதை நேரில் பார்த்தேன். வேலைக்கு வந்தவர்கள் நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணை வெட்டி, மணலைக் கொட்டிப் பரப்பி, மேலே புல்லை விரித்து இரண்டே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முதல் பெருமழைக்கு அப்புறம் கால் வைத்தால் சளக் சளக் என்றது, மூன்றாம் நாள் நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நானும் அக்காவும் ஒரு மூலையில் ஆணிகளைப் பிடுங்கிப் புல்லைத் தூக்கிப் பார்த்தோம். மணல் என்று தனியாக எதுவும் இல்லை, களிமண்ணோடு குழைந்து சாம்பல் நிறக் கூழாகக் கிடந்தது. அதைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு அடியில் பார்த்தால், மண்வெட்டி விழுந்த ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் தேங்கி நின்றது, மழை விட்டு மூன்று நாள் கழித்தும்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இந்த வேலை செய்யப் போகிற எல்லோரிடமும் சொல்கிறேன். களிமண்ணில் பள்ளம் வெட்டி ஜல்லியோ மணலோ நிரப்பினால் அது ஒரு தொட்டி. அந்தத் தொட்டியின் அடித்தரைக்கு வாட்டமும் (சரிவும்), தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் வெளியேற ஒரு வாயும் இருந்தால்தான் மேலே விரிக்கிற புல் நிலைக்கும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் அப்புறம்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் கணக்குப் போடாமல் எவ்வளவு தண்ணீர் என்பது மனதில் ஏறாது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 6 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம் உள்ள முற்றம் 48 சதுர மீட்டர், அதில் 30 மி.மீ. மழை பெய்தால் 1,440 லிட்டர். நல்ல மணல் மண் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் உள்ளே இழுத்துக்கொள்ளும். களிமண் இழுப்பது மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான். 2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இந்த ஒரு மழை உள்ளே போக 15 மணி நேரம் வேண்டும், அதற்குள் அடுத்த மழை வந்தால் கதை முடிந்தது. களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது, அவ்வளவு நுணுக்கமான துகள்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியும் அவ்வளவு சிறியதுதான், தண்ணீர் எளிதில் நகர முடியாது. மண்ணில் குறையில்லை, அதன் இயல்பே அது.

மண்ணைச் சோதிப்பது

ஒரு கைப்பிடி ஈர மண்ணை எடுத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி மெல்லத் தள்ளுங்கள். 2.5 செ.மீ. போவதற்குள் உடைந்தால் பயப்பட வேண்டாம். 5 செ.மீ.க்கு மேல் உடையாமல் நீண்டு தொங்கினால் சுத்தமான களிமண். நிறத்தையும் பாருங்கள்: ஒரு முழம் தோண்டியதும் மண் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் அங்கே தண்ணீர் நெடுநாளாக நிற்கிறது, காற்றே புகவில்லை என்று அர்த்தம். சாம்பலுக்கு நடுவே துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள் இருந்தால் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது ஊறல் சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது. 30 செ.மீ. ஆழம், 20 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தோண்டுங்கள், முற்றம் பெரிதென்றால் இரண்டு மூன்று இடத்தில். களிமண்ணில் மண்வெட்டி பட்ட இடம் மெழுகினாற்போல வழவழவென்று ஆகிவிடும், அப்படியே விட்டால் சோதனை பொய் சொல்லும், அதனால் பக்கச் சுவர்களை ஓர் ஆணியால் கீறிவிடுங்கள். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விடணும். காலையில் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அளவு குறித்து மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். முதல் முறை ஊற்றியதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, காய்ந்த களிமண்ணின் வெடிப்புகள் முதலில் மடமடவென்று குடித்துவிடும், பார்ப்பவர் ஏமாந்துவிடுவார்.

மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் நல்ல வாட்டமும் ஜல்லித் தளமும் போதும் என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. 1 செ.மீ.க்குக் கீழே என்றால் குழாய் வடிகால் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். நடுவில் இருந்தால் நான் குழாய் போடும் பக்கம்தான் சாய்வேன், புல்லை விரித்த பிறகு திரும்பத் தோண்டுவது இரட்டை வேலை. தோண்டிய குழியில் நீங்கள் ஊற்றாமலே தண்ணீர் ஊறி வந்தால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, அல்லது மேட்டுப் பக்கத்திலிருந்து கசிகிறது. அப்போது மேட்டு ஓரமாகவே ஒரு வடிகால் வெட்டி, தண்ணீர் முற்றத்துக்குள் நுழையும் முன்னே மறித்துத் திருப்பணும்.

ஜிப்சம் போட்டால் களிமண் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். சில களிமண்ணுக்கு அது உண்மை, எல்லாவற்றுக்கும் இல்லை. சோடியம் மிகுந்த களிமண்ணில்தான் ஜிப்சத்தின் கால்சியம் உள்ளே போய்ச் சோடியத்தை விலக்கி, துகள்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்க்கும். உங்கள் மண் அந்த ரகமா என்று பார்க்க எளிய வழி உண்டு. பட்டாணி அளவில் ஒரு காய்ந்த மண்கட்டியை எடுத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் காய்ச்சி வடித்த நீரோ மழை நீரோ ஊற்றி அதில் மெல்லப் போடுங்கள். கிளற வேண்டாம், ஆட்ட வேண்டாம். சில மணி நேரம் கழித்துக் கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி ஒரு மேகம் படர்ந்தால் அது கரைந்து சிதறும் மண், ஜிப்சம் பலன் தரும். கட்டி பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் ஜிப்சத்துக்குச் செலவழிப்பது வீண். மணலைக் கலப்பதோ இன்னும் மோசம். கொஞ்சம் மணல் கலந்த களிமண் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும், மண்ணின் தன்மை மாற வேண்டுமானால் களிமண்ணை விட அதிகமாக மணல் வேண்டியிருக்கும், அதை ஒரு முற்றத்தில் யாரும் செய்ய முடியாது.

கூரைத் தண்ணீரை முதலில் திருப்புங்கள்

முற்றத்தில் தேங்குகிற தண்ணீர் பெரும்பாலும் முற்றத்தில் பெய்த தண்ணீரே இல்லை. 100 சதுர மீட்டர் கூரையில் அதே 30 மி.மீ. மழை பெய்தால் 3,000 லிட்டர், முற்றத்தில் நேராக விழுவதைப் போல இரண்டு மடங்கு. கூரைக் குழாய் முற்றத்தில் வந்து கொட்டினால் 30 மி.மீ. மழை உங்கள் மண்ணுக்கு 90 மி.மீ. மழையாகிவிடுகிறது. இதற்கு எந்த ஜல்லித் தளமும் ஈடு கொடுக்காது. அதனால் மண்வெட்டியைத் தொடும் முன் கூரைக் குழாயை ஓட்டையில்லாத பிவிசி குழாயில் இணைத்து முற்றத்தைத் தாண்டி வெளியே கொண்டு போங்கள், அல்லது சேமிப்புத் தொட்டியில் விடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், பின்கட்டில் துணி துவைக்கிற இடம், சிமென்ட் நடைபாதையிலிருந்து வழிவது, இவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடணும். சில வீடுகளில் இதைச் செய்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதோடு சேர்த்து ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே சுழல்கிறது, எங்கே கடைசியாக வற்றுகிறது என்று பார்த்து அந்த இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். அரை மணி நேரம் நின்றால் போதும், எந்த வரைபடமும் இதற்கு ஈடாகாது.

தண்ணீர் எங்கே போய்ச் சேரும்?

குழாய் எத்தனை அங்குலம் என்று கேட்கிறவர்கள் அதன் மறுமுனை எங்கே திறக்கும் என்று கேட்பதில்லை. போக்கிடம் இல்லாத வடிகால் நீளமான இன்னொரு தொட்டி, அவ்வளவுதான். முற்றத்தை விடத் தாழ்ந்த இடம் உங்கள் எல்லைக்குள்ளேயே இருந்தால் நல்லது, குழாய் முனையை அங்கே திறந்து விடலாம். மழைநீர்க் கால்வாயில் விடுவதென்றால் அதற்குரிய அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாக்கடைக் குழாயில் இணைக்க வேண்டாம், அது நிரம்பினால் திரும்பி வீட்டுக்குள்தான் வரும். பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளிவிடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தாழ்ந்த இடமே இல்லையென்றால் உறிஞ்சுகுழி தோண்டலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். களிமண்ணில் அதை அவ்வளவு எளிதாக நம்ப வேண்டாம். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் குழி வெட்டி ஜல்லி நிரப்பினால், ஜல்லிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் என்பதால் அது பிடிப்பது சுமார் 500 லிட்டர். நம் 1,440 லிட்டருக்கு இப்படி மூன்று குழி வேண்டும், அப்புறம் அவை காலியாகவும் வேண்டும். சில இடங்களில் மேலே களிமண் ஒரு அடுக்குதான், கீழே மணலோ சரளையோ இருக்கும், அப்போது குழி அருமையாக வேலை செய்யும். அதனால் குழியின் அடி மட்டத்திலேயே ஊறல் சோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கணும். 1.2 மீட்டருக்கு மேல் ஆழம் போகிற எந்தக் குழியிலும் பக்கத்துக்கு முட்டுக் கொடுக்காமல் ஆள் இறங்கக் கூடாது, ஈரக் களிமண் சுவர் சத்தமில்லாமல் சரிந்துவிடும். குழியும் உதவாது, தாழ்ந்த இடமும் இல்லை என்றால் ஒரு சிறிய சேம்பர் கட்டி, மிதவை சுவிட்ச் வைத்த நீர்மூழ்கி மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்து வெளியேற்றுவதுதான் வழி. அதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன், மின்சாரம் பெரும்பாலும் போவது மழை நேரத்தில்தான்.

வாட்டம்

வாட்டத்தைக் களிமண்ணிலேயே கொடுக்கணும், மேலே போடுகிற ஜல்லியில் இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அடியில் மட்டமாகவோ குண்டும் குழியுமாகவோ வெட்டிவிட்டு, ஜல்லியை ஒரு பக்கம் கனமாகவும் மறு பக்கம் மெலிதாகவும் பரப்பி வாட்டம் பிடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஜல்லிக்குள் தண்ணீர் நேராகக் கீழே இறங்கிவிடும், அது பக்கவாட்டில் ஓடுவது களிமண்ணின் முகத்தில்தான். அந்த முகம் சாய்ந்திருந்தால்தான் ஓடும்.

எவ்வளவு வாட்டம்? மீட்டருக்கு 1 செ.மீ. என்பது குறைந்தபட்சம், களிமண்ணில் நான் 2 செ.மீ. வரை கொடுப்பேன். 8 மீட்டர் நீளத்துக்கு 16 செ.மீ. என்றதும் நிறையத் தோன்றும், நடந்து பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும். வீட்டுச் சுவரை ஒட்டிய முதல் 3 மீட்டருக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக விடலாம். வாட்டம் எப்போதும் வீட்டை விட்டு வெளியே.

அளக்க டியூப் லெவல் போல ஒன்று கிடையாது. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு முனையை மேட்டில் அடித்த முளையிலும் மறு முனையைத் தாழ்ந்த பக்கத்தில் அடித்த முளையிலும் பிடித்தால் தண்ணீர் நிற்கிற உயரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இரண்டு முளையிலும் அந்த உயரத்தைக் குறித்து, தாழ்ந்த முளையில் 16 செ.மீ. கீழே இன்னொரு குறி போட்டு, மேட்டு முளையின் குறியிலிருந்து அந்தக் கீழ்க் குறிக்கு நூலைக் கட்டுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் நூலிலிருந்து தரை வரை அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவு வரணும். வராத இடம்தான் நாளைக்குத் தண்ணீர் நிற்கப் போகிற இடம்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. பழைய புல், வேர், கறுத்த மேல்மண் எல்லாவற்றையும் முழுக்க எடுத்துவிடணும், உள்ளே விட்டால் மக்கி அடங்கும், தளம் அமுங்கும். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு கடப்பாரை போடுங்கள். மண் சொதசொதவென்று இருக்கும்போது வேலை செய்யவே வேண்டாம், மிதிபட்ட ஈரக் களிமண் சட்டி செய்கிற மண் மாதிரி ஆகிவிடும். ஒரு பிடி எடுத்து உருட்டி விரலால் தட்டினால் உடையணும், அமுங்கி ஒட்டினால் இன்னும் காயட்டும். ஓர் இடத்தில் அதிகமாக வெட்டிவிட்டால் உதிர் மண்ணைத் தள்ளி மூடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் திமிசால் இடித்து இறுக்கணும். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிற ரகமானால், அது மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண், ஆழமாக வெட்டி ஜல்லியைக் கனமாகப் போடுவது நல்லது. எவ்வளவு ஆழம் என்றால், களிமண்ணுக்குப் பொதுவாக 10 முதல் 15 செ.மீ. ஜல்லி நிற்கிற அளவுக்கு.

குழாய் வடிகால்

ஜல்லி நிரப்பிய வாய்க்காலில் ஓட்டைக் குழாய் வைப்பதைப் பிரெஞ்சு டிரெயின் என்கிறார்கள். பிரான்ஸ் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 1859-ல் பண்ணை நிலங்களில் நீர் வடிப்பது பற்றி எழுதிய ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயர் அது. அவர் காலத்தில் சுட்ட மண் ஓடுகள், இன்றைக்குப் பிவிசி, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாட்டத்தின் தாழ்ந்த ஓரத்தில், வாட்டத்துக்குக் குறுக்காக, 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். முற்றம் ரொம்ப நீளமென்றால் நடுவில் இன்னொன்று. வாய்க்காலின் அடியும் போக்கிடம் பார்த்து மீட்டருக்கு 1 செ.மீ. சாயணும். உள்ளே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, 5 செ.மீ. கழுவிய முக்கால் அங்குல ஜல்லி போட்டு, அதன் மேல் 100 மி.மீ. விட்டமுள்ள துளையிட்ட குழாய்.

ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்க்கணும். இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை, தண்ணீர் மேலிருந்துதானே வருகிறது என்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் அடியிலிருந்துதான் நிரம்பி மேலே ஏறும். ஓட்டை கீழே இருந்தால் கொஞ்சம் ஏறியதுமே குழாய்க்குள் புகுந்து ஓடத் தொடங்கும். மேலே இருந்தால் குழாய் முழுக்க மூழ்கும் வரை ஒரு சொட்டும் உள்ளே போகாது, அதற்குள் அடி மண் ஊறிவிடும். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 4 மணிக்கும் 8 மணிக்கும் ஓட்டைகள் வருகிற மாதிரி படுக்க வையுங்கள்.

துணியைக் குழாய்க்கு உறை மாதிரி மாட்டுவதை விட வாய்க்கால் முழுவதற்கும் விரிப்பதையே நான் விரும்புவேன். களிமண்ணின் நுண்துகள் குழாயைச் சுற்றிய சின்ன உறையில் வந்து அப்பினால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வாய்க்காலின் சுவர் முழுக்கத் துணி இருந்தால் அதே துகள் பரவலாகப் படியும். மேட்டு முனையில் குழாயை ஒரு முழங்கை (எல்போ) போட்டு மேலே திருப்பி மூடி வைத்துவிடுங்கள், ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை ஹோஸ் பைப்பை விட்டு அலசலாம். முற்றத்தைத் தாண்டியதும் ஓட்டையில்லாத குழாயாக மாற்றி, கடைசி முனையில் எலி, தவளை புகாமல் வலை.

துணி, ஜல்லி

வாட்டமாக வெட்டிய களிமண் மேலே முழுக்க நெய்யாத ரக ஜியோ டெக்ஸ்டைல் துணி, கம்பளி மாதிரி தொட்டால் மெத்தென்று இருக்கும், சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ளது. ஒட்டு வருகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஒரு முழம் ஏறி வரட்டும். இந்தத் துணி இல்லாததுதான் அக்கா வீட்டில் மணல் கூழானதற்குக் காரணம். ஈரக் களிமண் மேல் நடக்க நடக்க, ஒவ்வொரு மிதிக்கும் அது மேலே பிதுங்கி ஏறும், மணலோ ஜல்லியோ கீழே அமிழும், சீக்கிரமே இரண்டும் ஒன்றாகிவிடும். துணி தண்ணீரை விடும், மண்ணை விடாது.

வாய்க்கால் வருகிற இடத்தில் தளத்தின் துணியும் வாய்க்காலின் துணியும் தொடர்ச்சியாக இருந்து, தளத்து ஜல்லியும் வாய்க்கால் ஜல்லியும் நேராகத் தொடணும். வாய்க்காலை மண் போட்டு மூடி மேலே தளம் போடுவதைப் பார்த்திருக்கிறேன், பாடுபட்டுக் குழாய் பதித்துவிட்டு அதன் வாயைக் கட்டுகிற மாதிரி அது.

ஜல்லியில் இரண்டு கட்சி உண்டு. தூள் கலந்த ஜல்லி நன்றாக இறுகும், மேல்பரப்பு வழவழப்பாக வரும், ஆனால் தண்ணீரை மெதுவாகத்தான் விடும். தூள் இல்லாத, முனை கூரான ஜல்லியில் தண்ணீர் நிற்காமல் இறங்கும். களிமண் மேலே என்றால் நான் தயங்காமல் இரண்டாவது கட்சி. தூள் நீக்கிய முக்கால் ஜல்லி 10 செ.மீ. போட்டால் அதன் இடைவெளியிலேயே 35 மி.மீ. மழை தங்கும், தங்கி நிதானமாகக் குழாய்க்குப் போகும். கூழாங்கல் வேண்டாம், உருண்டையானது எத்தனை இடித்தாலும் பிடித்துக்கொள்ளாது. 5 முதல் 7 செ.மீ. ஒரு அடுக்காகப் பரப்பி, பிளேட் காம்பேக்டரை (தட்டி இறுக்குகிற இயந்திரத்தை) இரண்டு மூன்று முறை ஓட்டி, அப்புறம் அடுத்த அடுக்கு. மேலே 6 மி.மீ. சிப்ஸை (பொடி ஜல்லியை) 2 செ.மீ. கனத்துக்குப் போட்டு மட்டப்பலகையால் இழுத்தால் புல்லுக்குச் சீரான பரப்பு கிடைக்கும். தூளில்லாத ஜல்லியில் ஆணி அவ்வளவாகப் பிடிக்காது என்பது உண்மைதான், அதற்கு நீளமான ஆணி, ஓரத்தில் மரச் சட்டமோ பிளாஸ்டிக் சட்டமோ வைத்து அதில் புல்லை அடிப்பது.

ஓரச் சட்டத்தைப் பற்றி ஒன்று. தாழ்ந்த பக்கத்தில் சிமென்ட் கரை கட்டினால் அது அணையாகிவிடும். இடையிடையே ஓட்டை விடுங்கள், அல்லது கரையை வாய்க்காலுக்கு அப்பால் கட்டுங்கள். களை வராமல் இருக்கப் புல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்வார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள், இதுவரை செய்த எல்லாம் அந்த ஒரு தாளோடு போய்விடும். நாய் வளர்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், சிறுநீர் அலசிப் போக வழியில்லாவிட்டால் அம்மோனியா வாடை எந்தத் திரவம் தெளித்தாலும் போகாது.

விரிக்கும் முன் ஒரு சோதனை

தளம் முடிந்த மறுநாள் ஹோஸ் பைப்பை மேட்டுப் பக்கத்தில் திறந்துவிட்டு 20 நிமிடம் ஓட விடுங்கள். போக்கிட முனையில் ஒருவரை நிற்க வையுங்கள், தண்ணீர் அங்கே எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். வரவேயில்லையென்றால் எங்கேயோ தங்குகிறது, தாழ்ந்த ஓரத்தில் ஜல்லியைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே எங்காவது பளபளவென்று ஈரம் நின்றால் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அந்த இடத்தை மறுபடி சரி செய்யணும். 3 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் அதன் அடியில் ஒரு விரல் நுழைகிற பள்ளம் இருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்காக வேலையாட்களிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், தர மாட்டேன் என்றால் புல்லை அன்றைக்கு விரிக்க விடாதீர்கள்.

எல்லாம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு புல்லை விரிக்கலாம். முதல் பெருமழை வந்ததும் முற்றத்தைப் பார்க்காமல் நேராகக் குழாய் முனைக்குப் போய்ப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு மழைக்குக் கொஞ்சம் கலங்கலாக வருவது ஜல்லியில் ஒட்டியிருந்த தூசி. அதற்கு அப்புறமும் செம்மண் கரைசல் மாதிரியோ சாம்பல் கரைசல் மாதிரியோ வந்துகொண்டிருந்தால் எங்கேயோ துணி ஒட்டு விலகியிருக்கிறது, பெரும்பாலும் தளமும் வாய்க்காலும் சேருகிற அந்த விளிம்பில்தான், புல்லின் அந்த ஓரத்தை மட்டும் தூக்கி அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.